ஆளைக் குறைக்காத ஆட்சி: யோனெசாவாவின் 270 ஆண்டுக் கணக்கு

1664, கோடைக்காலம். ஜப்பானில், எடோ (இன்றைய தோக்கியோ) மாளிகையில், யோனெசாவாவின் டைம்யோ, அதாவது நிலப்பிரபு, உயெசுகி சுனகாட்சு திடீரென நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். வயது 26. பிள்ளை இல்லை. வாரிசு இன்னார் என்று ஷோகனின் (நாட்டை ஆண்ட இராணுவத் தலைவர்) அரசிடம் பதிந்து வைத்திருக்கவும் இல்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்: நிலம் பறிமுதல், குடும்பம் கலைப்பு, சேவகத்தில் இருந்த ஆயிரக்கணக்கான சாமுராய்கள் தெருவில். இறந்தவரின் மாமனார் ஹோஷினா மசயுகி இடையில் புகுந்தார். பக்கத்து ஐசு ஹானின் தலைவர். அன்றைய ஷோகனுக்குச் சித்தப்பா முறை. அவர் சொல்லை எளிதில் தட்ட முடியாது. சுனகாட்சுவின் தங்கை பெற்ற கைக்குழந்தையை வாரிசாக ஏற்கச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அதற்கான விலையும் சின்னதல்ல. 3 லட்சம் கோகு நிலம் 1.5 லட்சம் கோகு ஆனது.

இந்த 'கோகு'வைக் கொக்கு என்று படித்துவிட வேண்டாம். ஒரு கோகு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி, எடையில் 150 கிலோ போல வரும். ஓர் ஆள் ஓர் ஆண்டுக்குச் சாப்பிடும் அளவு என்று கணக்கு வைத்திருந்தார்கள். 10,000 கோகு விளையும் நிலம் இருந்தால் டைம்யோ. அவர் ஆண்ட நிலமும் நிர்வாகமும் சேர்ந்ததுதான் ஹான். எத்தனை வீரர்களைத் திரட்டித் தர வேண்டும், எடோ கோட்டையில் எந்த அறையில் உட்கார வேண்டும் என்பது வரை இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. காகிதத்தில் எழுதிய எண்ணைவிட உண்மை விளைச்சல் கூடுதலாக இருப்பதும் உண்டு, யோனெசாவாவிலும் அப்படித்தான். ஆனாலும் பாதி பாதிதான்.

நிலம் பாதியான பிறகும் சம்பளப் பட்டியலில் கை வைக்கவில்லை. சுமார் 5,000 சாமுராய் குடும்பங்கள் அப்படியே தொடர்ந்தன.

யோனெசாவா என்று பேச்செடுத்தாலே ஜப்பானில் யோசான் என்ற பெயர்தான் வரும். பருத்தி உடுத்தி, ஒரு குழம்பும் ஒரு காயும் சாப்பிட்டு, மூழ்கிக்கொண்டிருந்த ஹானைக் கரையேற்றிய மன்னர் என்று பள்ளிப் பிள்ளைகள் முதல் நிறுவன அதிகாரிகள் வரை எல்லோரும் சொல்வார்கள். கதை பொய்யில்லை. ஆனால் அதைத் தொடங்கவேண்டிய இடம் யோசான் அல்ல என்பது என் எண்ணம். யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று அவருக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே எடுத்த முடிவுதான் வியாதி. பின்னால் வந்த மருந்தும் அதே முடிவுக்குள்ளிருந்துதான் கிடைத்தது.

கைமாறிய பள்ளத்தாக்கு

யோனெசாவா இன்றைய யமகதா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. நாலு பக்கமும் மலை, நடுவில் தட்டு மாதிரி வயல்வெளி. மொகாமி ஆற்றின் தலைப்பகுதி இங்கேதான், ஊர்க்காரர்கள் அதை மட்சுகாவா என்பார்கள். பனிக்காலத்தில் இடுப்பளவு பனி சர்வசாதாரணம். தெற்கிலிருந்து வர இதாயா கணவாயைத் தாண்ட வேண்டும். இன்று யமகதா ஷின்கான்சென் ரயிலே அந்த ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஏறுகிறது.

முதலில் இங்கே இருந்தது நகாயி வம்சம், காமகுரா காலத்தவர்கள் (12-14ஆம் நூற்றாண்டு). 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாதே வம்சம் பிடுங்கிக்கொண்டது. 1548 வாக்கில் யோனெசாவாவே அவர்கள் தலைநகரானது. ஒற்றைக்கண் டாதே மசமுனே 1567 இல் பிறந்ததும் இங்கேதான். இன்று அவர் பெயரைச் சொந்தம் கொண்டாடுவது செண்டாய். பிறந்த ஊருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யும். 1590 இல் மசமுனே, நாட்டை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த ஹிதேயோஷிக்கு அடிபணிந்தார். அடுத்த ஆண்டே வடக்கே இவாதேயாமாவுக்கு மாற்றப்பட்டார். ஐசுவோடு சேர்த்து யோனெசாவா காமோ உஜிசாதோவின் கைக்குப் போனது. ஏழெட்டு ஆண்டுதான், காமோ வம்சமும் கிளம்பியது. 1598 இல் உயெசுகி வந்தது.

உயெசுகி வம்சத்தின் பெருமைக்கெல்லாம் மூலம் கென்ஷின். எச்சிகோ நாட்டை, அதாவது இன்றைய நீகதாவை, ஆண்ட போர்த்தலைவர். 1578 இல் இறந்தார். கவசம் அணிவித்து ஒரு தாழியில் வைத்து, அரக்குப் பூசி மூடினார்கள் என்பது மரபு. எச்சிகோவிலிருந்து ஐசுவுக்கு மாற்றியபோது அந்தத் தாழியும் கூடவே போனது. ஐசுவிலிருந்து யோனெசாவாவுக்கு இறங்கியபோதும் வந்தது. கடைசியில் கோட்டையின் உள்வளாகத்திலேயே ஒரு மண்டபம் கட்டி வைத்தார்கள். வேறு ஹான்களில் முன்னோர் கல்லறை ஊருக்கு வெளியே கோயிலில் இருக்கும். இங்கே மூத்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். இந்த ஆட்சியின் மனப்போக்கைப் புரிந்துகொள்ள இந்தத் தாழி ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றும்.

கென்ஷினின் சகோதரி மகனும் வளர்ப்பு மகனுமான காகெகாட்சுவுக்கு ஹிதேயோஷி கொடுத்தது ஐசுவில் 12 லட்சம் கோகு. நாட்டிலேயே மிகப் பெரிய நிலங்களில் ஒன்று. அதற்கேற்ற படை, அதற்கேற்ற அதிகாரிகள். யோனெசாவா அன்று அதன் ஒரு பகுதிதான். காகெகாட்சுவின் வலக்கை நாவோயே கானெட்சுகுவின் பொறுப்பில் இருந்தது. இரண்டே ஆண்டில் செகிகஹாராப் போர். காகெகாட்சு நின்றது தோற்ற பக்கம். செகிகஹாராவில் தோக்குகாவா இயேயாசு (பின்னாளில் ஷோகன் ஆனவர்) வென்ற செய்தி வரும்போது நாவோயே பக்கத்து மொகாமி வம்சத்தின் ஹசேதோ கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். படையைக் கட்டாகப் பின்வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். 1601 இல் காகெகாட்சு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். தலை தப்பியது. நிலம் 12 லட்சத்திலிருந்து 3 லட்சம். நாவோயே இருந்த யோனெசாவாவே இனி எசமானரின் தலைநகர்.

முதல் முடிவு

முக்கால் பங்கு வருமானம் ஒரே வீச்சில் போனது. மற்ற வம்சங்களாக இருந்தால் முதல் வேலை ஆட்களை அனுப்புவதுதான். அப்படி அனுப்பப்பட்டவர்கள்தான் ரோனின், எசமானன் இல்லாத சாமுராய். செகிகஹாராவுக்குப் பிறகு ஜப்பான் முழுக்க அவர்கள் கூட்டம். உயெசுகி வம்சம் போக விரும்பியவர்களைத் தடுக்கவில்லை. இருக்க விரும்பியவர்களைப் போகச் சொல்லவும் இல்லை. பெரும்பாலோர் கூடவே வந்துவிட்டார்கள். கருணை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த போர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது, இயேயாசுவின் ஆட்சி நிலைக்குமா என்பதே கேள்வி. கென்ஷினின் படையைக் கலைத்துவிட்டு உயெசுகி என்று பெயர் வைத்துக்கொள்வதில் அர்த்தமும் இல்லை.

சின்ன ஊருக்குள் இத்தனை பேர் வந்து இறங்கினால் எங்கே தங்குவது? ஆரம்பத்தில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம். நாவோயே இதற்குக் கண்ட வழியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் கிடக்கிறது. கோட்டைக்கு வெளியே இருந்த தரிசு நிலத்தில் கீழ்நிலைச் சாமுராய்களைக் குடியமர்த்தினார். ஹராகதா என்ற அந்தக் குடியிருப்பில் வீட்டுமனை ஒவ்வொன்றும் சுமார் 150 சுபோ, நம் கணக்கில் 5,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். தெருவை ஒட்டி வீடு, பின்னால் நீளமாகத் தோட்டம். தோட்டத்தில் காய்கறி, கொட்டைக்கும் கனிக்கும் மரங்கள். வேலிக்கு உகோகி. முள் உள்ள குத்துச்செடி அது, திருடனையும் தடுக்கும், ஆட்டையும் தடுக்கும். வசந்தத்தில் துளிர்க்கும் இலையைக் கிள்ளிக் கொதிநீரில் போட்டெடுத்தால் லேசான கசப்போடு கீரை. வேலியைச் சமைத்துச் சாப்பிடும் சாமுராய்! வாளும் மண்வெட்டியும் ஒரே வீட்டில் இருந்தன. மற்ற ஹான்களில் சாமுராய் மண்ணைத் தொட்டால் கௌரவக் குறைவு. இங்கே தொடாவிட்டால் வயிறு நிறையாது.

மட்சுகாவா வெள்ளம் ஊருக்குள் வராமல் கல்லணையும் நாவோயே கட்டினார், இன்றும் அதன் பகுதிகள் நிற்கின்றன. ஷிராபு வெந்நீர் ஊற்றுப் பக்கம் மலைக்குள் மறைவாகத் துப்பாக்கிப் பட்டறை ஒன்றையும் நடத்தினார். மன்னிப்புக் கேட்ட கையோடுதான் இதுவும் நடந்தது.

3 லட்சம் கோகில் அறுபது ஆண்டு ஒருவழியாக ஓடியது. 1664 இல் மறுபடி பாதியானபோது நாவோயேயும் இல்லை, புதிய தரிசும் அதிகம் இல்லை. முடிவு மட்டும் பழையதே. 12 லட்சத்துக்காகச் சேர்த்த கூட்டத்தின் வாரிசுகள் 1.5 லட்சத்தில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கைக்குழந்தை சுனனோரியின் தந்தை யார் தெரியுமா? கிரா யோஷினாகா. ஆமாம், எசமானரின் சாவுக்குப் பழிவாங்க அகோ ஹானின் 47 ரோனின்கள் தலையை வெட்டிக்கொண்டுபோன அதே கிரா. சுனகாட்சு இறந்ததே கிரா வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் என்று ஒரு விஷப் புரளி அப்போதே உண்டு. ஆதாரம் எதுவும் இல்லை. எடோவில் ஆடம்பரமாக வாழ்ந்த கிராவின் கடனையும் வீடு கட்டும் செலவையும் மகனின் ஹான்தான் ஏற்றது. ஏற்கெனவே பாதியான கஜானாவிலிருந்து. சுனனோரி தன் பிள்ளை ஒருவரையே கிரா வீட்டுக்குத் தத்தும் கொடுத்திருந்தார். அகோ ரோனின்கள் வீடு புகுந்த அந்த இரவுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஷோகன் அரசால் வேறொரு ஹானின் காவலுக்கு அனுப்பப்பட்டு, இருபது வயதிலேயே இறந்தார். யோனெசாவா படை எதுவும் ரோனின்களைத் துரத்தவில்லை. அப்படித் துரத்தியிருந்தால் மிச்சமிருந்த 1.5 லட்சமும் போயிருக்கும்.

அடிமட்டம்

18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் ஆண்டு மாறினாலும் கதை ஒன்றுதான். பற்றாக்குறை, கடன், வட்டி, மறுபடி கடன். ஹான் தன் சொந்தச் சாமுராய்களிடமே 'கடன்' வாங்கியது: சம்பளத்தைப் பாதி வரை பிடித்துக்கொள்வார்கள், திருப்பித் தருவோம் என்பார்கள், தந்ததில்லை. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்ற பெருமையின் மறுபக்கம் இதுதான். ஆளை வைத்துக்கொண்டு கூலியைக் குறைத்தார்கள். சில சாமுராய்கள் குடும்ப அந்தஸ்தையே ஊர் வியாபாரிக்கு விற்றார்கள், தத்து என்ற பெயரில்.

இன்னொரு பாரம் விவசாயி தலையில். யோனெசாவாவில் ரமி என்ற நார்ச்செடி நன்றாக விளையும்; அவர்கள் பேச்சில் ஆஓசோ. அரக்கு மரமும் உண்டு. இரண்டையும் ஹான் தான் வைத்த விலைக்கு வாங்கி வெளியே விற்றது. கட்டாயக் கொள்முதல். சாமுராய்களைக் காப்பாற்றியது நல்ல மனம் என்று பாராட்டுகிறவர்கள், அதற்கு யார் வீட்டு நெல் போனது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1755 பஞ்சத்தில் மக்கள் கூட்டமாகத் திரண்டு அரிசி வியாபாரிகளின் கடைகளை உடைத்தார்கள். கூட்டத்தில் கீழ்நிலைச் சாமுராய்களும் இருந்தார்கள்.

எட்டாவது டைம்யோ ஷிகெசதா கலையை ரசிப்பவர், கணக்கில் ஆர்வமில்லாதவர். நிர்வாகத்தை மோரி ஹெய்யெமோன் என்ற நம்பிக்கைக்குரிய ஆளிடம் விட்டார். 1763 இல் மூத்த அமைச்சர் டாகெனோமாட்டா மசட்சுனா அந்த மோரியைக் கோட்டைக்கு வரவழைத்துக் கொன்றார். கடன் 2 லட்சம் ரியோ (அன்றைய தங்க நாணயம்) அளவுக்கு ஏறியிருந்தது. மறு ஆண்டு ஷிகெசதா ஒரு முடிவுக்கு வந்தார்: ஹானையே ஷோகனிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். தன் மாமனார் வழி உறவான ஒவாரி வம்சத்திடம் யோசனை கேட்டார். வேண்டாம் என்று தடுத்தார்கள். ஓர் ஆட்சி திவால் நோட்டீஸ் கொடுக்கப் போய்ப் பாதி வழியில் திரும்பிய நிகழ்ச்சி அது.

வெளியூர்ப் பையன்

ஷிகெசதாவுக்கு மகன் பிறக்கத் தாமதமானதால் 1760 இல் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார்கள். ஜப்பானின் தென்கோடி கியூஷூவில், தகானாபே என்ற 27,000 கோகு குட்டி ஹானின் இரண்டாவது மகன். பின்னாளில் அவர் பெயர் ஹருனோரி. ஓய்வுபெற்றுத் தலை மழித்தபின் வைத்துக்கொண்ட பெயர்தான் யோசான். தாய்வழியில் சுனனோரியின் கொள்ளுப்பேரன். அப்படியென்றால் கிராவின் இரத்தமும்தான். ஹானைக் கடனில் தள்ளியவரின் எள்ளுப்பேரன் கையில் கடன் புத்தகம் வந்தது. 1767 இல் பதவிக்கு வந்தார், 16 வயது.

முதல் வேலை தன் செலவு. எடோவில் டைம்யோவின் சொந்தச் செலவு ஆண்டுக்கு 1,500 ரியோ. அதை 209 ஆக்கினார். 50 பணிப்பெண்களை 9 ஆக்கினார். 1769 இல் முதல் முறையாக யோனெசாவாவுக்கு வந்தபோது இதாயா வழியில் ஒரு பாழடைந்த சத்திரத்துப் பக்கம் பல்லக்குக்குள் அணைந்துபோன மாதிரி கிடந்த கரியை ஊதி ஊதி மறுபடி கனலாக்கினார், அதைக் கூட வந்தவர்களுக்குக் காட்டினார் என்று ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, நிர்வாகப் பயிற்சி வகுப்புகளுக்கு ரொம்பப் பிடித்த கதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 இலிருந்து 209 போனால் மிச்சம் 1,291 ரியோ. கடன் 2 லட்சம். அசலை மட்டும் அடைக்கவே 150 ஆண்டுக்கு மேல் ஆகும், வட்டியைச் சேர்த்தால் எப்போதும் அடையாது. சிக்கனத்தால் ஹான் மீண்டது என்பது இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அந்த 209 ரியோ வேறொரு வேலை செய்தது. சம்பளத்தில் பாதி பிடிபட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கான வீடுகளிடம் இன்னும் உழைக்கச் சொல்லும் உரிமையை அது அவருக்கு வாங்கிக் கொடுத்தது. 1772 இல் அவரே வயலில் இறங்கி மண்வெட்டியால் கொத்தினார், பழைய சீனச் சடங்கு ஒன்றின் முறைப்படி. அப்புறம் சாமுராய்கள் அணியணியாகத் தரிசு திருத்தவும் பாலம் கட்டவும் போனார்கள்.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1773 ஜூன் மாதம் (பழைய சந்திரக் கணக்கில்) ஒரு காலை நேரம், பரம்பரை அமைச்சர் குடும்பங்களின் தலைவர்கள் ஏழு பேர் கோட்டைக்கு வந்தார்கள். கையில் 45 அம்சம் கொண்ட நீண்ட மனு. டாகெனோமாட்டாவை நீக்க வேண்டும். பாலம் கட்டுவதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. உயெசுகி மரபு தெரியாத வெளியூர் ஆள் இதைச் செய்கிறார். இந்தா, இப்போதே பதில் சொல்லுங்கள் என்று வழியை மறித்தார்கள். ஷிகெசதாவைக் கலந்து பேசுகிறேன் என்று ஹருனோரி எழுந்தபோது ஒருவர் உடையின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தினார் என்கிறார்கள். செய்தி கேட்டு ஷிகெசதாவே நேரில் வந்து அதட்டிய பிறகுதான் கலைந்தார்கள். அடுத்து ஹருனோரி செய்ததைக் கவனிக்க வேண்டும்: உடனே தண்டிக்கவில்லை. கண்காணிப்பு அதிகாரிகளைக் கூப்பிட்டு, மனுவில் சொன்னபடி மக்கள் கொதித்துப்போய் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். சில நாளில் தீர்ப்பு வந்தது. இரண்டு பேருக்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ள ஆணை, மற்ற ஐந்து பேருக்கு வீட்டுக்காவலும் சம்பளக் குறைப்பும். ஏழு குடும்பமும் நிரந்தரமாக ஒழிக்கப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னாளில் பதவி திரும்பக் கிடைத்தது. தண்டனையிலும் பட்டியலில் பெயரை ஒரேயடியாக அடிக்காத பழக்கம்!

முதல் திட்டம் தோற்றது

டாகெனோமாட்டாவின் பெரிய கனவு மரம் நடுவது. அரக்கு மரம், மல்பெரி, காகிதம் செய்யும் கோசோ, ஒவ்வொன்றிலும் 10 லட்சம். அரக்கு மரத்துக் காயிலிருந்து மெழுகு எடுத்து மெழுகுவத்தி செய்யலாம். அதில் வரும் லாபத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கண் கூசும். சாமுராய் வீடு, கோயில், விவசாயி என்று ஆளுக்கு இத்தனை கன்று என்று ஒதுக்கீடு போட்டார்கள். முதலுக்கு எடோ வியாபாரிகளிடமும் சகாதா துறைமுகத்து ஹோன்மா குடும்பத்திடமும் கை நீட்டினார்கள்.

மரம் வளர்ந்து காய்ப்பதற்குள் சந்தை கைமாறிவிட்டது. மேற்கு ஜப்பானில் ஹசே என்ற வேறொரு மரத்திலிருந்து எடுத்த மெழுகு தரமாகவும் மலிவாகவும் வந்து குவிந்தது. யோனெசாவா மெழுகைச் சீந்த ஆளில்லை. டாகெனோமாட்டா மேல் ஊழல் புகாரும் சேர்ந்து 1782 இல் பதவி போனது. மறு ஆண்டு டென்மேய் பஞ்சம். சகாதாவிலும் எச்சிகோவிலும் அரிசி வாங்கிக் கொண்டுவந்து பங்கிட்டார்கள். வடக்கே ஹிரோசாகியில் பல பத்தாயிரம் பேர் செத்தார்கள். யோனெசாவாவில் அந்த அளவு அழிவு இல்லை என்பது உண்மை. ஒருவர்கூடச் சாகவில்லை என்று சொல்வது பின்னால் சேர்த்த பூச்சு. 1785 இல் 34 வயதிலேயே ஹருனோரி பதவியை விட்டு இறங்கி, ஷிகெசதாவின் சொந்த மகன் ஹருஹிரோவிடம் ஹானைக் கொடுத்தார். கூடவே மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஹான் முன்னோர் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் போனது, தன் சொத்தல்ல. மக்கள் ஹானைச் சேர்ந்தவர்கள், தன் சொத்தல்ல. ஹானுக்கும் மக்களுக்கும் ஆகத்தான் தலைவன், தலைவனுக்காக அவர்கள் அல்ல. சாரம் இதுதான்.

வரிகள் அருமை. கணக்குப் புத்தகம்? பதினெட்டு ஆண்டு சீர்திருத்தத்துக்குப் பிறகும் கடன் கடன்தான்.

இரண்டாவது முயற்சி

திருப்பம் 1791 இல் வந்தது, நாயகன் யோசான் இல்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த நொசோகி யோஷிமசாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், 56 வயது. பேச்சு குறைவு, கணக்கில் கில்லாடி. வருமானத்தில் ஒரு பெரும் பகுதியைக் கடனுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தில் ஆட்சி நடத்தும் 16 ஆண்டுத் திட்டம் போட்டார். ஹானின் வரவு செலவைச் சாமுராய்களுக்கு மட்டுமல்ல, வெளியேயும் திறந்து காட்டினார். யாரும் யோசனை எழுதிப் போடலாம் என்று பெட்டி வைத்தார். கடன் கொடுத்தவர்களிடம் போய் நிலைமையை மறைக்காமல் சொல்லித் தவணையை நீட்டினார்.

சரி, வருமானம் எங்கிருந்து வந்தது? ரமி நாரை இதுவரை பச்சையாக நாராவுக்கும் எச்சிகோவின் ஒஜியாவுக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நெய்து, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 1776 இலேயே ஒஜியாவிலிருந்து நெசவாளர்களை வரவழைத்துச் சாமுராய் வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இப்போது பட்டுக்கு மாறினார்கள். மெழுகுக்காக நட்ட அரக்கு மரம் ஏமாற்றினாலும் மல்பெரி ஏமாற்றவில்லை. தறி போடுவது எங்கே? புதிதாக ஆலை எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே இடுப்பளவு பனி, நாலைந்து மாதம் வீட்டை விட்டு இறங்க முடியாது, வீட்டில் நாலு கை சும்மா இருக்கிறது, அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள். எந்தக் கூட்டத்தைச் சுமை என்று நூறாண்டாகப் புலம்பினார்களோ அந்தக் கூட்டம்தான் தறியில் உட்கார்ந்தது. மண்வெட்டி பிடித்துப் பழகிய வீட்டில் நாடா பிடிப்பதும் கௌரவக் குறைவாகப் படவில்லை. வேறு ஹானில் இதே ஆணையைப் போட்டிருந்தால் இவ்வளவு எளிதாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

நீருக்கும் ஒருவர் கிடைத்தார். குரோயி டதயோரி, கணிதம் தெரிந்த சாமுராய். 1790களின் நடுவில் அவர் வெட்டிய கால்வாய் 30க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பாய்ந்தது. அடுத்து ஈதே மலையில் 1,500 மீட்டர் உயரத்தில், மறுசரிவில் வீணாக ஓடும் தண்ணீரைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவரும் சுரங்கம். வேலை 1799 இல் தொடங்கியது. குரோயி அதே ஆண்டு இறந்துபோனார். பனி உருகிய சில வாரங்கள்தான் வேலை செய்ய முடியும். முடிந்தது 1818 இல். நீளம் 150 மீட்டர் போலத்தான், எடுத்த காலம் இருபது ஆண்டு.

1802 இல் நொசோகி தலைமையில் ஒரு சின்னக் கையேடு அச்சாகியது, பெயர் 'கதெமோனோ', சோற்றோடு கலந்து ஒப்பேற்றுவது என்று பொருள் கொள்ளலாம். 82 காட்டுச் செடிகள், ஒவ்வொன்றையும் எப்படி வேகவைத்து, எத்தனை தண்ணீரில் ஊறவைத்து, எதோடு கலந்து தின்னலாம் என்று. 1,575 பிரதி அடித்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள். பஞ்சம் இல்லாத ஆண்டில் பஞ்சத்துக்குச் சமையல் குறிப்பு! முப்பது ஆண்டு கழித்து டென்போ பஞ்சம் வந்தபோது அது கைகொடுத்தது.

நொசோகி 1803 இல் இறந்தார். யோசான் 1822 இல். கடன் ஏறக்குறைய முழுதும் அடைந்தது 1823 இல், அதைப் பார்க்க இருவரும் இல்லை. யோசான் பதவிக்கு வந்ததிலிருந்து எண்ணினால் 56 ஆண்டு. ஒருவரின் ஆட்சிக் காலத்துக்குள் முடிகிற வேலையே இல்லை அது. ஆளை அனுப்பியிருந்தால் பத்து ஆண்டில் கணக்கு நேராகியிருக்கலாம். அப்போது நெய்வதற்கு யார் இருந்திருப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபக்கம், கட்டாய விலைக்கு நார் கொடுத்த விவசாயியைக் கேட்டால் அவர் வேறு பதில் சொல்லியிருப்பார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

1868 உள்நாட்டுப் போரில், ஷோகன் ஆட்சியை வீழ்த்திய புதிய அரசு குறிவைத்தது ஐசுவை, அதாவது ஹோஷினா மசயுகியின் வழிவந்தவர்களை. 1664 இல் வம்சத்தைக் காப்பாற்றியவரின் வீடு. யோனெசாவா செண்டாயோடு சேர்ந்து ஐசுவுக்காகப் பரிந்து பேசியது, அது எடுபடாமல் வடகிழக்கு ஹான்களின் கூட்டணியில் இறங்கியது. இருநூறாண்டுப் பழைய நன்றிக்கடன் அந்த முடிவில் பங்கு வகித்தது என்பார்கள். தங்கள் பூர்வீக எச்சிகோவில் போய்ச் சண்டையும் போட்டார்கள். ஆனால் ஐசு விழுவதற்கு முன்பே சரணடைந்துவிட்டார்கள். தண்டனை, 40,000 கோகு குறைப்பு. குறைப்பு என்ற சொல் அவர்களுக்குப் புதிதில்லை.

1871 இல் ஹான் என்ற அமைப்பையே ஒழித்து மாநிலங்கள் ஆக்கினார்கள். அதே ஆண்டு, யோசான் திறந்த கோஜோகான் பள்ளிக்கு சார்லஸ் டல்லாஸ் என்ற ஆங்கிலேயர் ஆசிரியராக வந்தார். 1875 இல் திரும்பும்போது யோனெசாவா மாடு ஒன்றை யோகோஹாமாவுக்கு ஓட்டிக்கொண்டு போய் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது யோசான் இல்லை, மாட்டிறைச்சி. தறிகளும் நிற்கவில்லை, யோனெசாவா பட்டு இன்றும் நெய்யப்படுகிறது. ஹராகதா பக்கம் உகோகி வேலிகள் இன்னும் இருக்கின்றன, வசந்தத்தில் கிள்ளிச் சமைக்கிறார்கள்.

1876 இல் தோக்கியோ அரசு நாடு முழுக்கச் சாமுராய்களின் பரம்பரைச் சம்பளத்தை நிறுத்திக் கடன் பத்திரமாக மாற்றியது. 1601 இலும் 1664 இலும் அடிக்கப்படாத பட்டியல் ஒரே ஆணையில் காலியானது. கென்ஷினின் தாழியைக் கோட்டையிலிருந்து எடுத்து, மேற்கே வம்சத்துக் கல்லறைத் தோப்புக்குக் கொண்டுபோனதும் அந்த ஆண்டுதான்.